‘ரூல்ஸ் ஆஸ் ரிட்டன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கவறு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பகடை உருட்டிக் கற்பனைக் கதையில் வீரர்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு (5.1 பதிப்பு) 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம். நாங்கள் சிலர் தமிழில் செய்துகொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் சொற்பட்டியலை முடிக்க வேண்டும். இரண்டு சொற்களில் சிக்கியிருக்கிறோம்.

ஒன்று, ஆட்டக்காரர்கள் ‘ரா’, ‘ராய்’ என்று சுருக்கிச் சொல்லும் இணை: ரூல்ஸ் ஆஸ் ரிட்டன் (விதி எழுதப்பட்டிருக்கிறபடியே), ரூல்ஸ் ஆஸ் இன்டெண்டெட் (விதியை எழுதியவரின் நோக்கப்படி). ஆட்டத்தை நடத்தும் நடுவருக்கான குறிப்புகளில் இது இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. இன்னொன்று, மனித வரம்பைத் தாண்டிய திறன்கள் எல்லாவற்றுக்குமான பொதுச்சொல்.

சிக்கல் தெரியாதவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருப்பவர் தாக்கும்போது இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மறைந்திருப்பவரைப் பார்க்க வைக்கும் மந்திரமும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அவருக்கு அந்தச் சலுகை உண்டா? 2014 பதிப்பின் விதியில் ‘பார்க்க முடியாது’ என்பது ஒரு வரி, சலுகை தனியாக இன்னொரு வரி. மந்திரம் முதல் வரியை மட்டுமே தொடுகிறது. ஆக எழுத்தைப் பார்த்தால் சலுகை உண்டு, நோக்கத்தைப் பார்த்தால் அபத்தம். 2024 பதிப்பில்தான், பார்க்க முடிந்தவரிடம் சலுகை செல்லாது என்று திருத்தினார்கள்.

நன்னூல்தாசன் எழுதியது:

தம்பி, புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். ‘கருத்துப் பதப்பொருள் காட்டு மூன்றினும்’ என்று காண்டிகை என்னும் சுருக்க உரைக்கு இலக்கணம் சொல்லும்போதே நன்னூலில் பவணந்தி இரண்டையும் கொடுத்துவிட்டார். எழுதியபடி கொள்வது பதப்பொருள். ஆசிரியர் உள்ளத்தில் இருந்தது கருத்து. பதப்பொருள் முறை, கருத்து முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் முன்னால் போக விரும்பினால் தொல்காப்பிய மரபியலில் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகள் இருக்கின்றன. ‘மொழிந்த பொருளோடு ஒன்ற அவ்வயின் மொழியாததனை முட்டின்றி முடித்தல்’ அவற்றில் ஒன்று. சொன்னதோடு பொருந்தும்படி சொல்லாததை முரணில்லாமல் முடித்துக்கொள்வது. உங்கள் நடுவர் மேசையில் உட்கார்ந்து செய்வது வேறென்ன?

வேர்ச்சொல் எழுதியது:

ஐயாவின் உத்தி அருமை. ஆனால் ‘பதம்’ வடசொல். நம் வீட்டில் சொல் என்று பொருள்படும் ‘கிளவி’ இருக்கும்போது எதற்குக் கடன்? ‘கிளந்தவாறு’, ‘கருதியவாறு’ என்பது என் முன்மொழிவு. கிள் என்னும் வேருக்குப் பிரிதல், வெளிப்படுதல் என்ற கருத்து உண்டு. கிளை, கிள்ளுதல், கிளர்ச்சி எல்லாம் அதன் பிள்ளைகள். உள்ளத்திலிருந்து பிரிந்து வெளிவருவதால் பேச்சு கிளவி ஆயிற்று. பேசும் பறவை கிளி ஆனதும் இதனால்தான் என்பது என் துணிபு. ‘ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்று தொல்காப்பியமே மந்திரத்தையும் கிளத்தலையும் முடிச்சுப் போட்டிருக்கிறது. மந்திர ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

பகடை20 எழுதியது:

ஐயா, மேசையில் ‘கிளந்தவாறு’ என்றால் ‘யாருக்குக் கிழிந்தது?’ என்று கேட்பார்கள். இது இரவு பதினொரு மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டே சொல்ல வேண்டிய சொல். ‘எழுதினபடி’, ‘நினைத்தபடி’ போதாதா?

பள்ளிமணி எழுதியது:

போதாது தம்பி. ‘நடுவர் எழுதியபடி தீர்ப்புச் சொன்னார்’ என்றால், எழுதிக்கொண்டே சொன்னார் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பார்கள். ‘நினைத்தபடி’ இன்னும் மோசம். ‘நினைத்தபடி ஆடுகிறான்’ என்றால் விதியை மதிக்காமல் ஆடுகிறான் என்று பொருள். எதைத் தடுக்கச் சொல் தேடுகிறோமோ அதற்கே உரிமம் கொடுத்ததாகிவிடும்.

கவறு எழுதியது:

டீச்சர் சொல்வது சரி. ‘எழுதினபடி’, ‘நினைத்தபடி’ இரண்டையும் விட்டுவிடுவோம். இரண்டாவது சொல்லுக்கு எங்கள் வரைவில் இப்போது ‘சித்தி’ என்று இருக்கிறது. அணிமா, லகிமா என்று எட்டையும் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. அதனால் புரியும் என்று நினைத்தோம்.

பகடை20 எழுதியது:

‘உன் வீரனுக்கு எத்தனை சித்தி?’ ‘மூன்று. ஒருத்தி மாம்பலத்தில் இருக்கிறாள்.’ வேண்டாம் அண்ணா.

வேர்ச்சொல் எழுதியது:

சித்தியும் வடமொழியே. மீத்திறன் என்க.

பள்ளிமணி எழுதியது:

பள்ளிக்கூடத்தில் மீத்திறன் மாணவர் என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளை. நெருப்பு உமிழ்கிற பிள்ளை இல்லை. ‘மீயாற்றல்’ பரவாயில்லை. மீயொலி, மீயுரை எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன.

நன்னூல்தாசன் எழுதியது:

ஒரே பொதுச்சொல் போதுமா என்று முதலில் பாருங்கள். மணிமேகலையில் காயசண்டிகை என்னும் விஞ்சையர் குலப் பெண் வானில் பறப்பது மந்திரத்தால். விருச்சிக முனிவனின் சாபத்தால் மந்திரத்தை மறந்தாள், அதனால் பறக்க முடியாமல் புகார் நகரில் பசியோடு திரிந்தாள். பறவை பறப்பது இயல்பால். அதை யாரும் சபித்து மறக்கச் செய்ய முடியாது. இரண்டும் பறத்தல்தான், விதிக்கு முன்னால் இரண்டும் வேறு.

கவறு எழுதியது:

ஐயா, நீங்கள் டிராகன் வழக்கையே தொட்டுவிட்டீர்கள்! 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இத்தகைய திறன்கள் மூன்று வகை: அசாதாரணமானவை, இயற்கையை மீறியவை, மந்திரத்தை ஒத்தவை. மந்திரத்தை முடக்கும் வட்டம் ஒன்று உண்டு. அதற்குள் பின்னிரண்டும் செயல்படா, முதலாவது செயல்படும். டிராகனின் நெருப்பு மூச்சு அன்று இரண்டாம் வகையில் இருந்தது. ஆக, வட்டத்துக்குள் நின்றவர் பிழைத்தார். 2014 பதிப்பு இந்தப் பாகுபாட்டைக் கைவிட்டது. விதியில் ‘மந்திரம்’ என்ற சொல் இருக்கிறதா, அது மந்திரத்தின் விளைவைத் தருகிறதா என்றெல்லாம் சில கேள்விகள் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மூச்சு எந்தக் கேள்வியிலும் சிக்கவில்லை. அதே டிராகன், அதே வட்டம், உள்ளே நிற்பவர் கரி.

இந்த விளக்கங்கள் ‘சேஜ் அட்வைஸ்’ என்ற பெயரில் வருகின்றன. 1979இல் டிராகன் இதழில் கேள்வி பதில் பகுதியாகத் தொடங்கியது அது. ஆட்டம் வந்தது 1974இல். ஐந்தே ஆண்டில் உரை தேவைப்பட்டுவிட்டது.

பகடை20 எழுதியது:

உரை என்றதும் ஒன்று கேட்கிறேன். எங்கள் மேசையில் ஒருவர் 12ஆம் பக்கத்து வரியை 190ஆம் பக்கத்து வரியோடு ஒட்டி, தன் வீரன் சாகவே முடியாது என்று நிறுவுவார். இவரை ‘ரூல்ஸ் லாயர்’ என்பார்கள். தமிழில், தள்ளிக் கிடக்கும் வரிகளை ஒட்டிப் பொருள் சொன்ன உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயரையே வைக்கலாமா?

நன்னூல்தாசன் எழுதியது:

வைக்கக்கூடாது. ‘மாட்டு’ என்பது தொல்காப்பியர் சொன்ன செய்யுள் உறுப்பு. பொருள் அகன்று கிடந்தாலும் கொண்டுவந்து முடிப்பது. நச்சினார்க்கினியர் தம் வெற்றிக்காக அதைச் செய்யவில்லை. முல்லைப்பாட்டில் அவர் வரிகளை மாட்டியதை மறைமலையடிகள் ஏற்கவில்லை என்பது வேறு செய்தி. அதிலும் எனக்கு அடிகளோடு முழு உடன்பாடு இல்லை. தனி மடலில் எழுதுகிறேன்.

பள்ளிமணி எழுதியது:

விதிவக்கீல். அடுத்த சொல்லுக்குப் போவோமா?

கவறு எழுதியது:

விதிவக்கீலை யாரும் மறுக்கவில்லை. இந்த இழையில் இது ஓர் அதிசயம். மீயாற்றலும் பட்டியலில் ஏறுகிறது. ரா, ராய்க்கு ‘சொற்படி’, ‘கருத்துப்படி’ என்று போட்டிருக்கிறேன். பெயரோடு சேரும்போது ‘படி’ டீச்சர் சொன்ன குழப்பத்தைத் தருவதில்லை, வாய்க்கும் எளிது. நன்னூல்தாசன் ஐயாவின் உத்தி அடிக்குறிப்பில் வரும். நாளை மதியம் வரை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன்.

பள்ளிமணி எழுதியது:

‘அப்பா சொற்படி நட’ என்கிற வாடை கொஞ்சம் அடிக்கிறது. இருந்தாலும் சரி.

பகடை20 எழுதியது:

எனக்கும் சரி. மேசையில் நாங்கள் ‘ரா’ என்றுதான் சொல்வோம்.

வேர்ச்சொல் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். மேலும், இந்தப் ‘படி’ எது? முகத்தலளவைப் படியா, ஏறும் படியா, நகல் என்னும் படியா? மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று காட்ட முடியும். இரவு விரிவாக எழுதுகிறேன். அதுவரை பட்டியலை அனுப்ப வேண்டாம்.