கொண்டையராஜு காலண்டர் படம்: கையால் போட்ட கையெழுத்தா, அச்சா?

பாளை_சேகரம்: பழைய கஜலட்சுமி காலண்டர் படம் ஒன்று டவுனில் விலைக்கு வந்திருக்கிறது. மேலும் கீழும் தகரப்பட்டி. மூலையில் சி. கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா என்று இரண்டு பெயர்கள். 'ஓவியரே போட்ட கையெழுத்து' என்று கடைக்காரர் நாலாயிரம் சொல்கிறார். கொடுக்கலாமா? தகரத்தைக் கழற்றிக் கண்ணாடி போடலாமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

அச்சுக்கண்: கையெழுத்துக்கென்று தனிக்காசு கொடுக்காதீர்கள் தம்பி. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் சீடர் சுப்பையாவும் மூல ஓவியத்திலேயே பெயர் எழுதிவிடுவார்கள். சிவகாசியில் அச்சாகும்போது அதுவும் படத்தோடு சேர்ந்து வரும். ஆயிரம் படி அடித்தாலும் ஆயிரத்திலும் அதே இடத்தில் இருக்கும்.

10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் கோடு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக உடைந்தால் அது அச்சு. பேனா மை என்றால் புள்ளிகளுக்கு மேலே உடையாத கோடாகப் படிந்திருக்கும். வார்னிஷ் பூசிய தாளில் மை ஊறாமல் ஓரத்தில் திரண்டு நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பேனா அழுத்திய தடமும் தெரியும். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கவே கூடாது. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியதுபோல் இருந்தால் இப்போதைய இங்க்ஜெட் நகல், அதை விட்டுவிடுங்கள்.

கரிசல்தாள்: அடியில் இருக்கும் கடை விளம்பரத்தையும் படியுங்கள், காலம் அங்கேதான் பிடிபடும். முகவரியில் 627001 மாதிரி ஆறு இலக்க எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. கோவில்பட்டிக்குத் 'திருநெல்வேலி ஜில்லா' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1986-க்கு முந்தியது. அந்த வருஷம்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. லை, னை, றா, னா எல்லாம் இன்றைய வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய அச்சாகத்தான் இருக்கும். கொண்டையராஜு காலமானது 1976-இல். அப்படிப்பட்ட தாளில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?

ஃப்ரேம் கடைக்காரர்கள் அளவுக்காக அடி ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அச்சகப் பெயரும் விளம்பரமும் அதோடு போய்விடும். ஓரம் முழுசாக இருக்கும் படம் சற்றே மங்கியிருந்தாலும் அதையே எடுங்கள்.

சட்டம்_கண்ணாடி: தகரத்தை இழுத்தால் தாள் கிழியும். மழுங்கிய மெல்லிய கத்தியால் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திறங்கள். துருக்கறையைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

பின்னால் பிளைவுட் வேண்டாம், அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத அட்டை வாங்கி, நான்கு மூலைக்கும் பாலியஸ்டர் மூலைப்பை (தாளின் மூலையைச் செருகும் சிறு உறை) மாட்டினால் பசையே வேண்டாம். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்குத் தீனி. ஃபெவிகால் ஒட்டினால் பிறகு எடுக்க வராது. செல்லோடேப் மஞ்சள் கறை விடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும்.

மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும்.

பாளை_சேகரம்: லட்சுமியின் சேலைமேல் யாரோ சம்கியும் ஜரிகையும் ஒட்டியிருக்கிறார்கள். எடுத்துவிடலாமா?

அச்சுக்கண்: தொடாதீர்கள். வீட்டுப் பெண்கள் சாமிக்கு உடுத்திய அலங்காரம் அது, அந்தப் படத்தின் சரித்திரத்தில் சேர்த்திதான். பிய்த்தால் அடியில் இருக்கும் மையும் உரியும். சம்கி அழுந்தாதபடி இடைவெளியை மட்டும் 6 மி.மீ. ஆக்கச் சொல்லுங்கள்.