கினியாஸ், யார்லிக்: தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். உருசியா மங்கோலியக் கானுக்கு அடங்கியிருந்த காலத்தில், திவேர் நகரத்து மிகயீலும் மாஸ்கோவின் யூரியும் விளாதிமிர் நகரத்துத் தலைமைக்கு முட்டிக்கொண்ட கதை. இவர்களுடைய பட்டமான 'கினியாஸ்' என்பதை எல்லாரும் 'இளவரசர்' என்கிறார்கள். 1318-இல் கொல்லப்பட்டபோது மிகயீல் நாற்பதைத் தாண்டியவர். வளர்ந்த பிள்ளைகளின் தகப்பன். தன் நாட்டைத் தானே ஆண்டவர். எந்த அரசனுக்கு இளவரசு? அடுத்தது, ஆளும் உரிமைக்குக் கான் தந்த 'யார்லிக்' என்னும் எழுத்தாணை. இரண்டுக்கும் தமிழ் சொல்லுங்கள்.
ம.

> எந்த அரசனுக்கு இளவரசு?

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது அம்மா. அக்கால உருசியர் கானைத்தான் 'சார்' என்றார்கள். ஆகவே கான் வேந்தன், இவர்கள் வேளிர். கினியாஸ் வேள், விளாதிமிர் தலைமை பெற்றவர் பெருவேள்.
செ.

செ. ஐயா, பாரி எந்த வேந்தனிடம் போய்க் கைகட்டி நின்றான்? 1304-இல் விளாதிமிர் தலைமையில் இருந்த அந்திரேய் இறந்ததும் மிகயீலும் யூரியும் கானிடம் ஓடினார்கள். தோக்தா கான் தலைமையை மிகயீலுக்குக் கொடுத்தார். மேலும், வகுப்பில் 'பெருவேள்' என்றால் பிள்ளைகள் முருகனைத்தான் நினைப்பார்கள். 'சிற்றரசர்', 'தலைமைச் சிற்றரசர்' போதும்.
இரா.

யாரும் வேரைப் பார்க்கவில்லையே! கினியாஸ் செருமானியக் 'குனிங்காஸ்' என்பதிலிருந்து வந்தது. குனிங், கோனிங், கோன். நம் சொல்தான் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. 'கோன்' என்றே வைக்கலாம்.
ந.

ஐயா, குனிங்காஸின் வேர் குலம், இனம் என்னும் பொருளுடையது. கோனோ, கோ என்பதன்மேல் னகரம் ஏறியது. ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? இதே கோனை வைத்துப் போன மாதமும் நாற்பது மடல் ஓடியது. யார்லிக்கைக் கவனிப்போம். 'பட்டா' எப்படி? கொடுத்தவரே பிடுங்கலாம், பெயர் மாற்றலாம். அடுத்து வந்த உஸ்பெக் கானின் தங்கை கொஞ்சாகாவை மணந்ததும் 1317-இல் யூரி பேருக்குப் பட்டா மாறிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் போர்த்தெனெவோவில் மிகயீல் யூரியைத் தோற்கடித்தார். ஆனால் பிடிபட்ட கொஞ்சாகா திவேரில் இறந்துபோனாள். அந்தப் பழியில் மறு ஆண்டு கானின் பாளையத்தில் மிகயீல் கதை முடிந்தது.
இரா.

பட்டா தாசில்தார் அலுவலகச் சொல். 'ஆளோலை' என்போம். ஆளும் உரிமைக்கான ஓலை. தூய தமிழ்.
செ.

ஆளோலையா! பெரியபுராணம் மறந்துபோயிற்றா? திருமணப் பந்தலில் கிழவேதியர் நீட்டியது அடிமை ஓலை. அதைத்தானே சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார்?
க.

அதனால்தான் பொருந்துகிறது என்கிறேன், க. அக்கா. வாங்கியவன் கானின் ஆள். வரி வசூலித்துக் கட்ட வேண்டும். கூப்பிட்டால் போக வேண்டும். 1327-இல் திவேர் மக்கள் கிளர்ந்தபோது, கானின் படையோடு அதை நசுக்க வந்தவர் மாஸ்கோ இவான். அவரும் உருசியர்தானே?
செ.

பொருந்தலாம் தம்பி. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவா போகிறீர்கள்? 'பட்டயம்' போதும்.
க.

பட்டயம் என்றால் இன்று டிப்ளோமா. மிகயீல் கானின் தலைநகர் சராயில் பாலிடெக்னிக் படித்தாரா?
செ.

இன்றைய ரஷ்யனில் யார்லிக் என்றால் சரக்கில் ஒட்டும் சீட்டு. அவர்கள் பிள்ளைகள் குழம்பவில்லையே.
இரா.

நேரமாகிவிட்டது. 'சிற்றரசர்', 'பெருஞ்சிற்றரசர்', 'ஆட்சிப் பட்டயம்' என்று அனுப்பிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் யார்லிக் என்று சேர்த்திருக்கிறேன். அந்த இவானின் பட்டப்பெயர் 'கலிதா', அதாவது பணப்பை. நானே 'சுருக்குப்பை இவான்' ஆக்கிவிட்டேன்.
ம.

பெருஞ்சிற்றரசரா? பெரியதா, சிறியதா? மூன்று நாள் பேசி இதுவா வந்தது? என் ஓட்டு ஆளோலைக்குத்தான், பதிவு செய்துகொள்ளவும். சுருக்குப்பை நன்று.
செ.

சுருக்குப்பை என்றதும் நினைவு வருகிறது: கலிதா, கல்லாப்பெட்டி. தனி மடலில் எழுதுகிறேன்.
ந.