4கே மானிட்டர் வாங்கியாச்சு, 3060 டிஐ திணறுது... 80 ஆயிரத்துக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டுங்க போடலாம்?

பனியன்_பிக்சல்:

வணக்கம்ங்க. திருப்பூர்ல வீட்ல இருந்தே பனியன் கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக் குடுக்கறேன், அதுக்காகத்தான் போன மாசம் 32 இன்ச் 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒண்ணு வாங்கினேன். வேலைக்கு அருமையா இருக்கு, எழுத்தெல்லாம் அச்சடிச்ச தாள் மாதிரி தெரியுது, ஆனா ராத்திரி வேலைய முடிச்சுட்டு கேம் போட்டா கார்டு மூச்சு வாங்குது.

இப்ப இருக்கறது ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 550 வாட்ஸ் ப்ரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), அது மட்டும் 2019ல வாங்கினது. சைபர்பங்க் 2077 கேம டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு பெருசாக்கற என்விடியா வசதி) பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சு ஆரம்பிச்சா செகண்டுக்கு 50, 55 ஃப்ரேம்னு (எஃப்பிஎஸ்) ஓடும், ஒரு அரை மணி நேரம் ஊருக்குள்ள சுத்தினதும் திடீர்னு 20க்கு விழுந்து அப்படியே நிக்கும், கேம மூடித் திறந்தா மறுபடி சரியாயிடுது. டெம்பரேச்சர் பாத்தேன், 70ஐத் தாண்டல. எல்டன் ரிங்கும் ஆடறேன், அது எப்படியும் 60லயே லாக்.

கையில 80 ஆயிரம் இருக்கு, பழைய கார்ட வித்தா இன்னும் கொஞ்சம் சேரும். மனசுல இருக்கறது ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5070, அப்புறம் 5070 டிஐ. கடையில கேட்டா ப்ராசஸர் பழசு, போர்டு பழசு, எல்லாத்தையும் மாத்தினாத்தான் புது கார்டு ஒழுங்கா ஓடும்ங்கறாங்க. நெசந்தானா? இவ்வளவு காசு ஒரு தடவைதான் போட முடியும், அதான் கேட்டுட்டே வாங்கலாம்னு.

ரிச்சிஸ்ட்ரீட்_ரவுண்டு:

ப்ரோ, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ப்ராசஸர்ல கை வைக்காதீங்க. அந்த 50ல இருந்து 20க்கு விழறது சூடு இல்ல, ப்ராசஸரும் இல்ல, விராம் (கார்டுக்குள்ளயே இருக்கற மெமரி) நிரம்பி வழியறது. 3060 டிஐல 8 ஜிபிதான், 4கேல டெக்ஸ்சர் ஹைல வெச்சா அது பத்தாது, மிச்சத்த கார்டு உங்க சிஸ்டம் ராம்ல கொண்டு போய் வைக்கும், அங்க இருந்து ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிசிஐஇ (கார்டு போர்டோட பேசற வழி) வழியா இழுத்துட்டு வரணும், அதுவும் பி450ல பிசிஐஇ 3.0 தான். நம்பிக்கை இல்லன்னா இன்னைக்கு ராத்திரியே டெக்ஸ்சர மட்டும் மீடியமாக்கிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்க, விழாம ஓடிச்சுன்னா காரணம் அதேதான்.

கணக்கு எப்படின்னா, 1080பில ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 20 லட்சம் பிக்சல், 1440பில 37 லட்சம், 4கேல 83 லட்சம். அதாவது 1080பிய விட சரியா நாலு மடங்கு. அதனால 4கேல கனமான கேம்னா இந்த விலைல எந்த கார்டா இருந்தாலும் அப்ஸ்கேலிங் (சின்னதா வரைஞ்சு பெருசாக்கறது) இல்லாம காலம் தள்ள முடியாது, அது ஒண்ணும் குறை இல்ல. டிஎல்எஸ்எஸ் குவாலிட்டின்னா உள்ள 1440பில வரைஞ்சு பெருசாக்குது, பெர்ஃபார்மன்ஸ்னா 1080பில. நீங்க பெர்ஃபார்மன்ஸ்ல ஆடறதால ப்ராசஸருக்கு 1080பி ஆடற அளவுக்கு வேலை இருக்கும், இருந்தும் 5600 ஒரு 60லேருந்து 90 எஃப்பிஎஸ் வரைக்கும் தாராளமா தாங்கும். சந்தேகம்னா கேம் ஓடும்போது ஜிபியு யூசேஜ் பாருங்க, 97, 98னு நின்னா கார்டுதான் மூச்சு முட்டுது, 70ல தொங்கினாத்தான் ப்ராசஸர். பின்னாடி ஒரு நாள் பத்தலன்னு தோணிச்சுன்னா அதே போர்டுல 5700எக்ஸ்3டி ப்ராசஸர் கிடைச்சா போட்டுக்கலாம், போர்டோட பயாஸ் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணிட்டு.

கார்டுக்கு வரேன். 5070ல 12 ஜிபி. இன்னைக்கு ஓடும், ஆனா 4கே மானிட்டர வெச்சுட்டு நாலு வருஷத்துக்கு வாங்கறவங்களுக்கு அத சொல்ல எனக்கு மனசு வரல, இப்ப 8 ஜிபில நீங்க படறத அப்ப அதுல படுவீங்க. 9070 எக்ஸ்டி, 5070 டிஐ ரெண்டுலயும் 16. அமெரிக்க விலை 599 டாலர், 749 டாலர்னு அறிவிச்சாங்க, அந்த 150 டாலர் வித்தியாசம் நம்மூருக்கு வரும்போது நல்லாவே தெரியும். வெறும் கேம்தான்னா கண்ண மூடிட்டு 9070 எக்ஸ்டி. ஏஎம்டியோட அப்ஸ்கேலிங்கான எஃப்எஸ்ஆர் 4 பழைய எஃப்எஸ்ஆர் மாதிரி மினுமினுன்னு அலையறதில்ல, நான் 4கே டிவில பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதான் சொல்றேன். பாத் ட்ரேசிங் (வெளிச்சம் போற பாதைய கணக்குப் போட்டு வரையறது) போட்டு ஆடணும்னாத்தான் என்விடியா பக்கம் போகணும்.

அப்புறம் மல்டி ஃப்ரேம் ஜென் (நடுவுல செயற்கையா ஃப்ரேம் சேக்கறது) போட்டு 200 எஃப்பிஎஸ்னு காட்டற விளம்பரத்த வெச்சு முடிவு எடுக்காதீங்க. அடியில ஒழுங்கா ஒரு 60 வந்தாத்தான் அது நல்லா இருக்கும், 30ஐ வெச்சு 120 ஆக்கினா படம் வழுக்கிட்டு ஓடும் ஆனா மவுஸ் சேத்துல இழுக்கற மாதிரியே இருக்கும்.

மதுரை_வோல்டேஜ்:

தம்பி, கார்டு எதுவேணா வாங்கு, அந்த 2019 எஸ்எம்பிஎஸ்ஸ மொதல்ல கழட்டி வை. நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். 9070 எக்ஸ்டி 304 வாட்ஸ், 5070 டிஐ 300 வாட்ஸ், ரெண்டுக்கும் கம்பெனியே 750 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்தான் சொல்றாங்க. உன் 3060 டிஐ 200 வாட்ஸ்தான். 300ங்கிறது ஆவரேஜ், கண்ணிமைக்கிற நேரத்துக்கு அதுக்கு மேலயும் எகிறும், அப்ப பழைய 550 பட்டுன்னு ஆஃப் ஆகும், நீ கார்டு கோளாறுன்னு நெனச்சு சர்வீஸ் சென்டருக்கு அலைவ.

அதைவிட நம்ம ஊர்ல யாரும் சொல்லாத விஷயம் யுபிஎஸ். பெரும்பாலான வீட்டுல இருக்கிறது 600 விஏ, அது சுமார் 360 வாட்ஸ்தான் தரும். கார்டு 300, ப்ராசஸர் 70 சொச்சம், மானிட்டரு, ஃபேனு, எஸ்எம்பிஎஸ்ஸே சூடாக்கி விடுறது எல்லாம் சேந்தா 450ஐத் தாண்டிரும். கரண்ட் போன செகண்டு யுபிஎஸ் கத்திட்டு சேந்தே படுத்துரும். 1 கேவிஏக்கு மேல பாரு. வீட்டு இன்வர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா அது சைன் வேவ்தானான்னு பாத்துக்க, ஸ்கொயர் வேவ்ல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட சீரா இழுக்கிற சர்க்யூட்) இருக்கிற எஸ்எம்பிஎஸ் சிலது மக்கர் பண்ணும்.

இன்னொண்ணு, 5070 டிஐல வர்ற அந்த 16 பின் பவர் கனெக்டர். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கேபினட் கண்ணாடி மூடலைன்னு கேபிள அப்படியே மடக்கி அமுக்கிட்டான், ரெண்டு மாசத்துல பிளாஸ்டிக் பழுப்பேறி கருகுன வாடை. பிளக்க முழுசா உள்ள தள்ளு, இடைவெளி தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாரு, கனெக்டர் கிட்டயே மடக்காத. 9070 எக்ஸ்டில நெறைய மாடல் பழைய 8 பின்லயே வருது, அதுலயும் ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருக்குன்னு ரெண்டையும் மாட்டாத, தனித்தனி கேபிள் இழு.

பனியன்_பிக்சல்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டெக்ஸ்சர் மீடியம் வெச்சு ரெண்டு மணி நேரம் ஆடினேன், ஒரு தடவைகூட விழல. அப்ப விராம்தான்னு தெளிவாயிடுச்சு. யுபிஎஸ் அண்ணன் சொன்ன அதே 600 விஏதானுங்க, நல்ல வேளை சொன்னீங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இப்பெல்லாம் பார்ட்டிங்க டீ-ஷர்ட் சாம்பிள் தைக்கறதுக்கு முன்னாடியே பொம்மைக்குப் போட்ட மாதிரி 3டில காட்டுங்கறாங்க, அதனால ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் கத்துட்டு, அதுல இருக்கற சைக்கிள்ஸ் இன்ஜின்ல ரெண்டர் (முழுப் படம்) எடுக்கறேன். அது முடிவ மாத்துமா?

ரெண்டர்_ராத்திரி:

மாத்தும், நல்லாவே மாத்தும். ப்ளெண்டர் வேலைல காசு வருதுன்னா 5070 டிஐ எடுங்க. சைக்கிள்ஸ் ஏஎம்டி கார்டுல ஹெச்ஐபி வழியா ஓடும்தான், ஆனா என்விடியால அதுக்கான ஆப்டிக்ஸ் முறை போட்டா ரெண்டர் வேகமா முடியும், துணி மடிப்பு, நூல் டெக்ஸ்சர் எல்லாம் 4கேல எடுக்கறப்ப அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சேரும். நான் நகை டிசைனுக்கு அதத்தான் செய்யறேன், பார்ட்டி எதிர்ல உக்காந்திருக்கும்போதே கல்லு கலர் மாத்திக் காட்ட முடியுது. சீனே விராம்ல அடங்கணும், அதுக்கும் 16 ஜிபி உதவும். 9070 எக்ஸ்டி சொன்னவர் கேமுக்கு சொன்னது சரிதான், அதுல நான் மாறுபடல.

பி450ங்கறதால ஒரு எச்சரிக்கை அண்ணா. ரீசைசபிள் பார் (ப்ராசஸர் விராம் முழுசையும் ஒரேடியா எட்டற வசதி) ஆன் பண்ணணும்னா பயாஸ்ல அபவ் 4ஜி டீகோடிங் போட்டு சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப் பண்ணணும். உங்க விண்டோஸ் டிஸ்க் பழைய எம்பிஆர் முறைல இருந்தா சிஎஸ்எம் ஆஃப் பண்ணதும் பூட் ஆகாது, எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுல போச்சு. முன்னாடியே டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்து, எம்பிஆரா இருந்தா பேக்கப் எடுத்துட்டு புது ஜிபிடி முறைக்கு மாத்திக்கோங்க, விண்டோஸ்லயே அதுக்கு டூல் இருக்கு. பிசிஐஇ 3.0னு பயப்பட வேண்டாம், 5070 டிஐக்கு 16 லேனும் (டேட்டா போற பாதை) கிடைக்கும், விராம் நிரம்பாத வரைக்கும் இழப்பு கொஞ்சம்தான். அடி பலமா விழறது 8 லேன்ல ஓடற 5060 டிஐ 8 ஜிபி மாதிரி கார்டுக்கு.

கேபினட் நீளத்த டேப் வெச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க, மூணு ஃபேன் மாடல் பெரும்பாலும் 30 செமீக்கு மேல.

பனியன்_பிக்சல்:

வாங்கிட்டேனுங்க. 5070 டிஐ. கேபினட்ல முன்னாடி ஃபேன் போக 31 செமீதான் இருந்துது, பாத்து வெச்ச மூணு ஃபேன் மாடல் உள்ள போகாதுன்னு அளந்தப்பறந்தான் தெரிஞ்சுது, அதனால கொஞ்சம் சின்ன மாடலா எடுத்தேன். 750 வாட்ஸ் கோல்டு எஸ்எம்பிஎஸ், 1100 விஏ யுபிஎஸ் ரெண்டும் சேத்ததுல பட்ஜெட் 80ஐத் தாண்டி எங்கயோ போயிடுச்சு, ஆனா போர்டும் ப்ராசஸரும் மாத்தச் சொன்ன காசு மிச்சம்.

டிஸ்க் எம்பிஆர்தான் இருந்துது, மாத்திட்டேன். கனெக்டர டார்ச் அடிச்சுப் பாத்தேன் அண்ணே. சைபர்பங்க் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டில ரே ட்ரேசிங் இல்லாம 80ஐ ஒட்டி நிக்குது, மூணு மணி நேரம் சுத்தியும் விழல, மழைல நனைஞ்ச ரோட்ல விளம்பர வெளிச்சம் விழறத இந்த மானிட்டர்ல பாத்துட்டு சும்மா வண்டிய நிறுத்திட்டு நின்னேன். கேம்லயும் ப்ளெண்டர்லயும் ஃபேன் சத்தம் அதிகம் இல்ல, பவர் லிமிட்ட 85 சதவீதத்துக்கு குறைச்சு வெச்சிருக்கேன், எஃப்பிஎஸ் பெருசா குறையல.

பழைய 3060 டிஐ பாக்ஸ், பில்லோட இருக்கு, வாரண்டி முடிஞ்சுது. 1080பில ஆடறவங்க யாராச்சும் திருப்பூர், அவிநாசி பக்கம் இருந்தா சொல்லுங்க, வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டே எடுத்துட்டுப் போலாம்.