டைட் எண்டுக்குத் தமிழில் என்ன சொல்? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

எழுதியவர்: அயோவா வாத்தியாரம்மா

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசரம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆண்டு மலர் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அமெரிக்கக் காற்பந்து பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். பள்ளி அணியில் அவனே 'டைட் எண்ட்' என்ற இடத்தில் ஆடுபவன். ஒரு கல்லூரி அணி எப்படி ஆடுகிறது என்பதைப் பார்த்துத்தான் டைட் எண்ட் பையன்கள் எங்கே சேருவது என்று முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கட்டுரை. நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் 'டைட் எண்ட்' 31 இடத்தில் வருகிறது. 'அஃபென்ஸ்' (பந்து வைத்திருக்கும் பக்கத்தின் ஆட்டம்), 'ரிக்ரூட்டிங்' (கல்லூரிகள் பள்ளிப் பையன்களைத் தேடித் தம் அணிக்கு இழுப்பது) எல்லாம் தனிக் கணக்கு. தமிழாக்கினால்தான் போடுவோம் என்கிறது மலர்க்குழு. நான் 'இறுக்க முனை' என்று மாற்றிக் காட்டினேன். பையன் சிரித்தான். கூட்டிப்போக வந்த அவன் அப்பாவும் சிரித்தார். காப்பாற்றுங்கள்.

எழுதியவர்: தஞ்சை ஓய்வாசிரியர்

அம்மா, பொருள் விளங்காமல் சொல் ஆக்கக் கூடாது. அந்த ஆள் என்ன செய்கிறார், எங்கே நிற்கிறார், அதைச் சொல்லுங்கள். அப்புறம், காற்பந்து என்று எழுதியிருக்கிறீர்கள். பேரன் கைப்பேசியில் ஓர் ஆட்டம் காட்டினான். எல்லாரும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டல்லவா ஓடுகிறார்கள்? இதில் கால் எங்கே வந்தது?

எழுதியவர்: டொரன்டோ அக்கா

ஐயா, எங்கட ஊரில் காற்பந்து என்று ஒருவரும் கதைப்பதில்லை, உதைபந்தாட்டம்தான். இதிலும் இடைக்கிடை ஒருத்தர் வந்து உதைத்துவிட்டுப் போவார். அவ்வளவு உதை போதும் பெயர் வைக்க.

எழுதியவர்: நெறியாளர்

காற்பந்தா உதைபந்தா என்ற சண்டை ஏற்கெனவே இருமுறை நடந்து இருமுறையும் நான்தான் மூடினேன். மூன்றாம் முறை வேண்டாம். டைட் எண்டுக்கு வாருங்கள்.

எழுதியவர்: லப்பக் மாணவன்

நான் 2008இல் லப்பக்கில் உள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் படித்தவன். தஞ்சை ஐயாவுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கத்தில் ஏழு பேராவது கோட்டில் நிற்க வேண்டும். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். இந்த ஐவரின் வேலை எதிரியை முட்டி நிறுத்துவது. முன்னே எறியும் பந்தைப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கோட்டின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்கு உண்டு. ஓரத்துக்காரர் வரிசையை விட்டுப் பல கஜம் தள்ளி நின்றால் அவர் ஸ்பிளிட் எண்ட். டேக்கிளின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றால் டைட் எண்ட். ஆகவே வாத்தியாரம்மா, 'டைட்' இங்கே இறுக்கம் இல்லை, நெருக்கம். 'விலகி' என்பதற்கு எதிர்ச்சொல். பையன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

இந்த ஆளுக்கு இரட்டை வேலை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்றால் முன்னால் நிற்கும் மலை மாதிரி ஆளை முட்டித் தள்ள வேண்டும். எறியும் ஆட்டம் என்றால் முட்டுவதுபோலப் பாவனை காட்டிவிட்டு நழுவி ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். இரண்டில் எது அதிகம் என்பது பயிற்சியாளர் கையில். பையனின் கட்டுரைக்கு உயிரே அதுதான். ஹால் மம்மி, மைக் லீச் என்ற இரு பயிற்சியாளர்கள் வளர்த்த 'ஏர் ரெய்டு' முறையில் நான்கு பேர் அகலமாக விரிந்து நிற்பார்கள். டைட் எண்டுக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. லீச் 2000 முதல் 2009 வரை எங்கள் கல்லூரியில் இருந்தார். 2008 நவம்பர் 1ஆம் தேதி, நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 39க்கு 33 என்று கடைசி நொடியில் சாய்த்தோம். ஊரே இரவெல்லாம் தூங்கவில்லை. ஆனால் நல்ல டைட் எண்ட் பையன் எவனாவது அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்து 'நானும் அங்கே போகிறேன்' என்று சொல்லியிருப்பானா? போய் என்ன செய்வான்?

எழுதியவர்: தஞ்சை ஓய்வாசிரியர்

நன்றி தம்பி, இப்போது விளங்கிற்று. பெயர் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். 'எண்ட்' என்பது இடம். அங்கே நிற்கும் ஆளுக்கு அது பெயராகி வருவதால் இடவாகுபெயர். தமிழிலும் அப்படியே ஆக்கலாம். முனை, ஈறு, கடை, இறுதி, ஓரம் என்று நமக்குச் சொல் பஞ்சமில்லை. என் பரிந்துரை 'ஒட்டுக்கடை'. விலகி நிற்பவர் 'விடுகடை'. கடைக்கண், கடைவாய், புறக்கடை எல்லாம் ஓரமே. வணிகம் செய்யும் கடைகூட வாசலின் ஓரத்தில் வைத்ததால் வந்த பெயர் என்பது என் துணிபு. இதை விரிவாக நாளை எழுதுகிறேன்.

எழுதியவர்: லப்பக் மாணவன்

ஐயா, ஒட்டுக்கடை என்றால் எனக்கு மதுரை ஒத்தக்கடை பஸ் நிறுத்தம்தான் கண்ணில் வருகிறது. 'அயோவாவில் மூன்று ஒட்டுக்கடைகள் உள்ளன' என்று மலரில் வந்தால் என்ன விற்கிறார்கள் என்று கேட்பார்கள்.

எழுதியவர்: நெல்லை வண்டிக்காரன் மகன்

ரெண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய சொல் செய்து வைத்தபடி இருக்கிறதே. கடையாணி. மாட்டுவண்டியில் அச்சின் கடைசியில், சக்கரத்தை ஒட்டி, சக்கரம் கழன்று ஓடாமல் அடித்து வைப்பது. ஓரத்தில் இருக்கிறது, ஒட்டி இருக்கிறது, பார்க்கச் சின்னது, இல்லாவிட்டால் வண்டி குடை சாயும். ஒரே சொல்லில் இடமும் வந்தது, வேலையும் வந்தது. வள்ளுவர் அச்சாணி என்று சொன்னதும் இதைத்தான். என் அப்பா ஒருமுறை கடையாணி விழுந்தது தெரியாமல் இரண்டு மைல் வந்து, ஆற்றுப் பாலத்தில் சக்கரம் தனியாக முந்திக்கொண்டு போனதைப் பார்த்தார். அந்தக் கதை பிறகு.

எழுதியவர்: தஞ்சை ஓய்வாசிரியர்

அழகுதான். ஆனால் 'ஆணி' ரிக் வேதத்திலேயே, தேர் அச்சின் ஆணி என்ற இதே பொருளில் வருகிறது. தூய தமிழா என்று பார்க்க வேண்டும்.

எழுதியவர்: நெல்லை வண்டிக்காரன் மகன்

வந்தால்? நம்மிடமிருந்து போயிருக்கும்! ஆணிவேர், ஆணித்தரம், உரையாணி எல்லாம் எங்கிருந்து வந்தன?

எழுதியவர்: நெறியாளர்

இதற்குப் பின் வந்த ஒன்பது மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். ஆணியைப் பிடுங்க விரும்புவோர் அங்கே போகலாம்.

எழுதியவர்: டொரன்டோ அக்கா

கடையாணி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் ஒரு சிக்கல். ஜோர்ஜியாப் பல்கலைக்கழக அணியில் புரோக் பவர்ஸ் என்று ஒருத்தர் ஆடினார். நாபாவிலிருந்து நாட்டின் மறுகரைக்குப் போன கலிபோர்னியாப் பெடியன். சிறந்த டைட் எண்டுக்குக் குடுக்கிற மேக்கி விருதை 2022இலும் 2023இலும் எடுத்தவர்; இரண்டு முறை அதை எடுத்த முதல் ஆள். அவரை ஓரத்தில் மட்டுமா நிறுத்தினார்கள்? உள்ளே, வெளியே, பின்னாலே என்று எங்கேயும் நிறுத்தினார்கள், பந்தைக் கையில் குடுத்து ஓடவும் விட்டார்கள். இரண்டு டைட் எண்டை ஒரே நேரத்தில் இறக்குவது அங்கே வழக்கம், அவரோடு டார்னல் வாஷிங்டன் என்ற பெரிய உருவமும் நிண்டது. ஒருத்தர் முட்ட, மற்றவர் பிடிக்க. கடையாணி அச்சை விட்டு ஊர் சுற்றுமோ? இடத்தை வைத்துப் பேர் வைத்தால் இப்படித்தான் வரும். வேலையை வையுங்கோ: 'தடுத்தேந்தி'.

எழுதியவர்: லப்பக் மாணவன்

அக்கா, 'தடுத்தேந்தி' நல்ல முயற்சி, ஆனால் பிச்சைப்பாத்திரம் மாதிரி ஒலிக்கிறது. மன்னிக்கவும்.

ஆனால் சொன்ன விஷயம் முக்கியம். பெயர் ஒன்று, வேலை கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ஜார்ஜியா டெக்கில் (அக்கா சொன்ன ஜார்ஜியா இல்லை, வேறு கல்லூரி) பயிற்சியாளர் பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை ஓட்டத்தையே நம்பிய ஆப்ஷன் ஆட்டம் ஆடினார். அதில் டைட் எண்ட் என்ற இடமே இல்லை. 2019இல் புதுப் பயிற்சியாளர் வந்து சாதாரண முறைக்கு மாறியபோது அந்த இடத்துக்கு ஆளை வெளியில்தான் தேட வேண்டியிருந்தது. கனெக்டிகட்டிலிருந்து டைலர் டேவிஸ் ஓர் ஆண்டுக்கு வந்து ஆடினார். ஆட்டமுறையை ஒரே நாளில் மாற்றலாம், பையன்களை அப்படி விளைவிக்க முடியாது. பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே பழகி வைத்தவர்கள்தான் பிறகு வருவார்கள். இப்போது கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டதால் அந்தக் காயம் கொஞ்சம் சீக்கிரம் ஆறுகிறது, அவ்வளவுதான்.

எழுதியவர்: அயோவா வாத்தியாரம்மா

அப்படியானால் பையன் எழுதியதில் ஒரு பத்தியை இங்கே தருகிறேன், அவன் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. "எங்கள் அயோவாப் பல்கலைக்கழக அணி 2023இல் பந்தை முன்னே கொண்டுபோன யார்டு கணக்கில் நாட்டிலேயே கடைசி. பாட்டிகூட இதைவிட நன்றாக எறிவார் என்று அப்பா சொல்வார். ஆனால் 2019இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் எங்கள் டைட் எண்டுகள் ஹாக்கன்சன் எட்டாவதாகவும் ஃபேன்ட் இருபதாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு டைட் எண்ட் ஒரே ஆண்டு முதல் சுற்றில் போனது அதுவே முதல் தடவை. தொழில்முறை ஆட்டத்தில் பேர் வாங்கிய டைட் எண்ட் கிட்டில் இங்கே படித்தவர். அதேபோல லபோர்ட்டாவும் இங்கே படித்தவர். அஃபென்ஸ் மோசம் என்றால் டைட் எண்ட் ஏன் வருகிறான்?"

அவனே பதிலும் எழுதியிருக்கிறான். அணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதைப் பையன்கள் பார்ப்பதில்லையாம். எடுக்கும் கொஞ்சத்தில் தன் இடத்துக்கு எவ்வளவு பங்கு, முட்டவும் பிடிக்கவும் இரண்டும் கற்றுக்கொடுப்பார்களா, முன்பு இங்கே இருந்தவன் எங்கே போனான் என்றுதான் பார்க்கிறார்களாம். 1999 முதல் ஒரே தலைமைப் பயிற்சியாளர், கர்க் ஃபெரன்ட்ஸ். அதனால் இன்று சொன்னது நான்கு ஆண்டு கழித்தும் நிற்கும் என்று நம்பலாமாம். எனக்கே இந்த விளையாட்டில் ஆர்வம் வந்துவிட்டது.

எழுதியவர்: நெல்லை வண்டிக்காரன் மகன்

நான் சொல்லவில்லையா? வண்டி லொடலொட, கடையாணி மட்டும் எஃகு!

எழுதியவர்: தஞ்சை ஓய்வாசிரியர்

பையனுக்கு என் வாழ்த்து. இதில் 'அஃபென்ஸ்' என்பதற்குத் 'தாக்குதல்' போட்டுவிடாதீர்கள். 'அயோவாவின் தாக்குதலைக் கண்டு இளைஞர்கள் வருகிறார்கள்' என்றால் காவல்துறைதான் வரும். இங்கே பொருள் ஆடும் முறை. 'வியூகம்' என்பார்கள் சிலர், வடசொல். 'அணிவகுப்பு' போதும்.

எழுதியவர்: லப்பக் மாணவன்

அணிவகுப்பு என்றால் குடியரசு தினம் ஐயா. 'ஆட்டமுறை' என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும். 'ரிக்ரூட்டிங்' ஆள்சேர்ப்பா?

எழுதியவர்: டொரன்டோ அக்கா

ஆள்சேர்ப்பு எண்டால் எங்களுக்கு வேறை ஞாபகம் வரும் தம்பி. அந்தச் சொல் வேண்டாம்.

எழுதியவர்: லப்பக் மாணவன்

மன்னியுங்கள் அக்கா. யோசிக்கவில்லை.

எழுதியவர்: அயோவா வாத்தியாரம்மா

உண்மையில் நடப்பது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரிதான் இருக்கிறது. பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார், அம்மா சமைத்ததைப் புகழ்கிறார், பையன் நான்கு ஊர் போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றுக்குத் தலையாட்டுகிறான். 'வீரர் தெரிவு' என்று போட்டால் கல்லூரி மட்டும் தெரிவு செய்வதுபோல ஆகிவிடுகிறது. 'வீரர்களை ஈர்த்தல்' என்று போடுகிறேன். இதற்கு மேல் என்னால் முடியாது, மணி இரவு பத்து.

எழுதியவர்: நெறியாளர்

வாக்கெடுப்பு முடிவு: ஒட்டுமுனை 5 (ஒட்டுக்கடையின் 'கடை'யை மட்டும் மாற்றி யாரோ நடுவில் போட்டது, இப்போது எல்லாரும் தாமே சொன்னதாகச் சொல்கிறார்கள்), கடையாணி 3, தடுத்தேந்தி 1, டைட் எண்ட் என்றே எழுதலாம் 4. ஒட்டுமுனை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இடத்தில் மட்டும் 'டைட் எண்ட் எனப்படும் ஒட்டுமுனை ஆட்டக்காரர்' என்று விளக்கிவிடுங்கள். இழையை மூடுகிறேன்.

எழுதியவர்: அயோவா வாத்தியாரம்மா

மூடிய இழையைத் திறந்ததற்கு மன்னிக்கவும். மலர் வந்துவிட்டது. தட்டச்சு செய்தவர் 31 இடத்திலும் 'ஓட்டுமுனை' என்று நெடிலாக அடித்திருக்கிறார். இங்கே தேர்தல் நேரம் வேறு. நான்கு பெற்றோர் இது எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டார்கள். பையன் மேடையில் பேசும்போது டைட் எண்ட் என்றே சொல்லிவிட்டு இறங்கினான்.

எழுதியவர்: தஞ்சை ஓய்வாசிரியர்

ஒட்டுமுனையில் இன்னொரு குறையும் இருக்கிறது அம்மா. ஒட்டு என்பது முதனிலைத் தொழிற்பெயரா, வினைத்தொகையின் வினைப்பகுதியா? வினைத்தொகை என்றால் சரி, இல்லையென்றால் 'ஒட்டும் முனை' என்று விரியாது. நாளை எழுதுகிறேன்.

எழுதியவர்: நெல்லை வண்டிக்காரன் மகன்

கடையாணியில் நெடிலும் தப்பாது, தொகையும் குழம்பாது. அடுத்த மலருக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சக்கரக் கதையை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சக்கரம் பாலம் தாண்டி, ஒரு டீக்கடை வாசலில் போய்த்தான் விழுந்தது.