சக்கரப் பலகையும் தேவாலாப் பொன்னும்: எல்லையோரத்து அனுபவங்கள்

செங்கோட்டை அன்பர்:

கடந்த தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, சாக்கில் சுற்றிய ஒரு பலகை கிடைத்தது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைக் குழிகள். ஓரத்தில் பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி. பல்லாங்குழி என்று சொல்ல முடியாத அளவுக்குக் குழிகள் சிறியவை. தொண்ணூறைக் கடந்த என் ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தடவிப் பார்த்த மாத்திரத்தில், "சக்கரப் பலகை அல்லவா, எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். கிழக்கே ஒரு நடைத் தூரத்தில் இருக்கும் தென்காசியோ ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. எங்கள் தாத்தாவின் தகப்பனார் இரண்டு சீமைக்கும் நடுவில் நெல் வியாபாரம் செய்தவர் என்பதால், இரண்டு நாணயங்களும் அவர் கையில் புரண்டன. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அரை கிராம்கூட இருக்காது. ஒரு ரூபாய்க்கே 28 வேண்டும் என்றால், நூறு ரூபாய்க்கு நெல் வாங்குகிறவன் 2,800 பொடிக் காசுகளை எண்ணித் தர வேண்டியிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். காற்றடித்தால் பறந்துவிடுவது போன்ற அந்தக் காசுகளை விரலால் எண்ண ஆகாது. அதற்காகத்தான் பலகை.

பூஜை அறையில் ஒரு செப்புக்குள் இருந்த சக்கரங்களைக் கொண்டுவரச் சொல்லி, ஆச்சி செய்து காட்டினார். ஒரு பிடி அள்ளிப் பலகையில் கொட்டி, லேசாகச் சாய்த்து, இடமும் வலமும் ஆட்டினார். குழி ஒவ்வொன்றும் ஒரு காசின் கனத்துக்கே தோண்டப்பட்டிருப்பதால், குழிக்கு ஒன்று விழுந்து படிந்ததும் மிச்சம் வழுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடுகிறது. அதைப் புறங்கையால் வழித்து எடுத்துவிட வேண்டியதுதான். எங்களிடம் இருந்தவை அறுபத்து மூன்று காசுகள் என்பதால் பலகை நிறையவில்லை. நிறைந்திருந்தால் நூறு என்று அர்த்தம். யாரும் எண்ணவில்லை, ஆனால் எண்ணிக்கை தவறாது. சின்ன வயதில் தன் அப்பா செய்ததைப் பார்த்திருந்த அந்தக் கை, எண்பது வருஷம் கழித்தும் தடுமாறவில்லை.

பலகையோடு இருந்த கணக்கேட்டில், கொல்லம் 1105-ஆம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு, கி.பி. 1929-30) பக்கம் ஒன்று என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. நூறு வெள்ளைக்கார ரூபாய் வரவு என்று எழுதி, அதன் கீழ் "வட்டம் ரூ. 1, சக். 22" என்று தனியாக ஒரு வரி இருந்தது. முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: திருவிதாங்கூர் ரூபாய் 28 சக்கரம், ஆங்கிலேய ரூபாயோ 28 சக்கரம் 8 காசு. ரூபாய்க்கு அரைச் சக்கரம் வீதம் நூறு ரூபாய்க்கு 50 சக்கரம். அதுதான் ஒரு ரூபாயும் 22 சக்கரமும். எல்லையில் வாழ்ந்தவருக்கு அந்த அரைச் சக்கரம்தான் பிழைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விட்டுவிட்டிருந்தால் வீட்டுக்கு அடுப்பு எரிந்திருக்காது.

அதே ஏட்டுக்குள் மடிந்து கிடந்தது ஒற்றை ரூபாய் நோட்டு ஒன்று. முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறியதால் 1917 நவம்பர் 30 அன்று அரசாங்கம் முதன்முதலாக வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது அது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தையே அதில் அச்சடித்திருக்கிறார்கள். வெள்ளியைத் தட்டி ஓசை பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்குக் காகிதத்தில் வெள்ளியின் படத்தையாவது காட்ட வேண்டியிருந்தது போலும். நோட்டில் செலவழித்த அழுக்கே இல்லை. வாங்கியவர் அதை வெளியே விடாமலே வைத்திருந்திருக்கிறார்.

தேவாலா அன்பர்:

ஐயா, உங்கள் பலகையைப் படித்ததும் எங்கள் ஊரில் பொன் அரிக்கும் மரத்தட்டான மரவை நினைவுக்கு வந்தது. பந்தலூர், தேவாலாப் பகுதி 1877 வரை மலபார் ஜில்லாவில் இருந்து, பிறகுதான் நீலகிரியோடு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் சுரங்கத் துறை அதிகாரியாக இருந்த பிரஃப் ஸ்மித் 1880-இல் இங்குள்ள பாறைகளில் இருக்கும் பொன்னைப் பற்றி அறிக்கை கொடுத்ததும், லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பாறையில் பொன் இருந்தது, ஆனால் இயந்திரச் செலவுக்குக் கட்டுபடியாகும் அளவுக்கு இல்லை. அவர்கள் குடைந்துவிட்டுப் போன சுரங்க வாய்கள் இன்றும் தேயிலைக்கு நடுவே திறந்து கிடக்கின்றன.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே ஓடும் ஓடையில் ஒரு பெரியவர் மணல் அரிப்பார். மர மரவையில் ஓடைமண்ணை அள்ளி, தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றிச் சுழற்றி, வெளுத்த மண்ணை ஓடவிட்டு, கடைசியில் ஒரு பிடி கருமணலை மிச்சம் வைப்பார். அந்தக் கருமணலின் ஓரத்தில் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு பொட்டு மின்னும். அரை நாள் வேலைக்கு நான்கைந்து பொட்டு. அவற்றைச் சேர்த்து வைத்து, குன்றிமணியோடு நிறுத்துப் பார்ப்பார். எண்ணாமல் எண்ணுவது என்று நீங்கள் சொன்ன அந்தப் பழக்கத்தை அவருடைய மணிக்கட்டிலும் கண்டிருக்கிறேன்.

ஓடையில் அரிப்பது ஒன்று, பழைய சுரங்கத்துக்குள் நுழைவது வேறு. என்னோடு பள்ளியில் படித்த ஒருவர் அப்படி நுழைந்து, மண் சரிந்து திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா இப்போதும் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறார்.