புதுப்பிப்பு: மந்திரப் புள்ளி விலை, குன்னூர் மேசைக்கான திருத்தம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் ஸ்லாட்டுக்குப் (எந்தப் படி மந்திரத்தை எத்தனை முறை போடலாம் என்ற ஒதுக்கீடு) பதிலாகப் புள்ளி வைக்கும் மாற்று விதியைப் போன பதிவில் பரிந்துரைத்திருந்தேன். அதில் ஓட்டை இருக்கிறது. 5ஆம் நிலை மந்திரவாதிக்கு 27 புள்ளி, 3ஆம் படி மந்திரத்துக்கு 5. ஸ்லாட்டில் ஃபயர்பால் என்ற 3ஆம் படி நெருப்பு மந்திரம் 2 முறைதான். புள்ளியிலோ 5 முறை! ஒவ்வொன்றும் 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம். வாள்காரருக்கு வேலையே இருக்காது.

திருத்தம்: அடுத்த நீண்ட ஓய்வுக்குள் (புள்ளி முழுதும் திரும்பும் இரவுத் தூக்கம்) அதே மந்திரத்தைத் திரும்பப் போட்டால், தடவைக்கு 2 புள்ளி ஏறும். 5, 7, 9 என்று 21 போய்விடும். மிச்சம் 6-இல் நாலாவது ஃபயர்பால் வராது, வேறு மந்திரம் வரும். புள்ளியே செலவாகாத சின்ன மந்திரமான கேன்ட்ரிப்புக்கு இது வேண்டாம்.

மந்திரப் புள்ளி தீர்ந்தால் உயிர்ப்புள்ளி (அடி பட்டால் குறைவது) கொடுக்கலாம் என்று அதே பதிவில் சொன்னதும் தப்பு. கூட இருக்கும் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) ஒரே மந்திரத்தில் அதை நிரப்பிவிடுவார். உச்ச உயிர்ப்புள்ளியே நீண்ட ஓய்வுவரை குறையட்டும், ஒரு மந்திரப் புள்ளிக்கு 2 வீதம்.

கல்லாறிலிருந்து மலை ரயில் பாதையில் ஏறும் நம் கதையில் ஹில்கிரோவில் குறுகிய ஓய்வு (மந்திரப் புள்ளி திரும்பாத சிறு இடைவேளை) மட்டும். நீண்ட ஓய்வு குன்னூரில்தான். நடுவே 3 சண்டையாவது வையுங்கள். ஒன்றே ஒன்று என்றால் எந்த விலையும் உறைக்காது.