கிரீமி ஸ்ட்ராபெரி பஞ்ச்: பால் திரியாமல், நீர்த்துப் போகாமல் செய்யும் வழிகள் (இணையக் குழுவில் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

கரண்டி

வசந்த கால விருந்துகளில் ஸ்ட்ராபெரி பஞ்ச் (பெரிய பாத்திரத்தில் கலந்து பரிமாறும் பழ பானம்) வைப்பவர்கள் அடிக்கடி கேட்பது மூன்று கேள்விகள்: பால் ஏன் திரிகிறது, நிறம் ஏன் வெளுக்கிறது, அரை மணி நேரத்தில் ஏன் தண்ணீராகிறது. முதலில் என் அளவைப் போடுகிறேன், மற்றவர்கள் தங்கள் முறையைச் சொல்லுங்கள்.

20 பேருக்கு, 150 மில்லி கோப்பையில் ஏறக்குறைய 30 கோப்பை வரும்:

ஸ்ட்ராபெரி ஒன்றேகால் கிலோ, சர்க்கரை 180 முதல் 200 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் அரை லிட்டர், வெனிலா ஐஸ்கிரீம் 2 லிட்டர், நன்றாகக் குளிர்ந்த எலுமிச்சை சோடா 2 லிட்டர். மேலே போட ஒரு கைப்பிடி பழம் தனியாக எடுத்து வையுங்கள்.

பழத்தைக் காம்போடு கழுவி, ஈரம் துடைத்து, பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய் சுவை நீர்த்துவிடும். நான்காக நறுக்கி, சர்க்கரையும் உப்பும் தூவி, மூடி, ஃபிரிட்ஜில் 2 மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே அரைத்துக்கொள்ளலாம். மிக்சியை விட்டு விட்டு நாலைந்து முறை மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விதைகள் உடைந்து, கூழில் ஒரு துவர்ப்பும் நறநறப்பும் ஏறிவிடும். சிறு கண்ணுள்ள வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்த்து வடித்தால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூழ் நிற்கும்.

பரிமாறும் நேரத்தில் கலக்கும் வரிசை: குளிர்ந்த கிரீமில் கூழை மெல்லிய தாரையாக விட்டுக் கிண்டுங்கள், அடுத்து ஐஸ்கிரீம் உருண்டைகள், கடைசியில் சோடா. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வடிகட்டி

வரிசைக்குக் காரணம் சொல்லாவிட்டால் அவசரத்தில் எல்லோரும் மாற்றிவிடுவார்கள், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பாலின் அமில அளவு (pH; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறக்குறைய 6.7. அது 4.6-க்கு இறங்கினால் கேசீன் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், அதுதான் திரிதல். ஸ்ட்ராபெரியின் அளவு 3.0 முதல் 3.9 வரை. எலுமிச்சை சோடாவும் அதே பக்கம்தான், 3.3-ஐ ஒட்டி. ஆக, பாலையும் பழத்தையும் சோடாவையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றும்போது திரிவதற்கான எல்லாமே அங்கே தயாராக இருக்கிறது. நம் கையில் இருப்பது அதைத் தள்ளிப்போடுவதுதான்.

தள்ளிப்போட நான்கு வழிகள் உண்டு. ஒன்று குளிர்: சில்லென்று இருக்கும் வரை புரதம் மெதுவாகத்தான் திரளும். இரண்டாவது கொழுப்பு: கெட்டிக் கிரீமில் கொழுப்பு மிகுதி, கேசீன் குறைவு. அமிலம் பட்டால் அது கொஞ்சம் கெட்டியாகும், கட்டி கட்டியாகப் பிரியாது. மூன்றாவது, ஐஸ்கிரீமில் நிலைப்படுத்திகளாகச் சேர்க்கும் கோந்து வகைகள். நான்காவது சர்க்கரை.

இந்த நான்கும் இல்லாத பொருள் சாதாரணப் பால். கொழுப்பு நீக்கிய பால் அதைவிட மோசம். பஞ்சில் வெள்ளைத் துகள் மிதக்கிறதென்றால், "செலவு குறையட்டும்" என்று கிரீமில் பாதியைப் பாலாக மாற்றினார்களா என்றுதான் முதலில் கேட்பேன். பால் இருந்தே ஆக வேண்டும் என்றால் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலிலேயே கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, முழுக்க ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். மாவு புரதத்துக்கு இடையில் புகுந்து, அது திரளுவதைத் தடுக்கும். கஸ்டர்டைவிடத் தளர்வாக, ஊற்றும் பதத்தில் இருக்க வேண்டும்.

கண்டன்ஸ்டு மில்க்கும் நல்ல மாற்று. அமிலம் பட்டால் அது மழமழவென்று கெட்டியாகும், திரியாது. ஒரு டின் சேர்த்தால் பழத்துக்குப் போடும் சர்க்கரையை 50 கிராமுக்குக் குறைத்துவிடுங்கள்.

அமிலத்தை அடக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம் என்ற யோசனை அங்கங்கே கண்ணில் படுகிறது. வேண்டவே வேண்டாம். ஸ்ட்ராபெரியின் சிவப்பு அமிலத்தில்தான் பளிச்சென்று நிற்கும். அமிலம் குறைந்தால் நிறம் மங்கி ஊதா கலந்த சாம்பலாகிவிடும், வாயில் சோப்பு வாடையும் வரும்.

அரைகிலோ

வடிகட்டி அக்கா, அன்னாசி ஜூஸ் சேர்க்கிற முறையும் இருக்கே. அதுவும் புளிப்புதானே, அதிகமாத் திரியாதா?

வடிகட்டி

புளிப்பைவிடப் பெரிய சிக்கல் அதில் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரோமெலெய்ன் என்ற நொதி உண்டு. அது பால் புரதத்தையே வெட்டும், வெட்டிய துண்டுகள் கசக்கும். கலந்த உடனே தெரியாது, நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். டின்னில் வரும் அன்னாசியும் அதன் சாறும் சூடுபடுத்தப்பட்டவை, அவற்றில் நொதி செயலிழந்திருக்கும். அதைத் தாராளமாக அரை லிட்டர் வரை சேர்க்கலாம், சோடாவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சை கிவி, பப்பாளி இரண்டுக்கும் இதே எச்சரிக்கைதான். அழகுக்குக் கிவி வில்லை வேண்டுமானால் கோப்பையின் விளிம்பில் செருகுங்கள், பஞ்சுக்குள் போடாதீர்கள்.

எலுமிச்சை மணம் வேண்டுமென்றால் சாற்றை விட்டுவிட்டுத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிப் பழத்தோடு ஊறவையுங்கள். மணம் வரும், புளிப்பு ஏறாது.

ஐஸ்பெட்டி

நான் சொல்ல வர்றது முழுக்கக் குளிர் சம்பந்தமானது. தண்ணியாப் போற பஞ்சுல முக்காவாசி, ஐஸ்கட்டியைக் கொட்டினதால போனது.

சின்னக் கட்டியா இருந்தா மொத்தப் பரப்பு ஜாஸ்தி, சீக்கிரம் கரையும். அதே எடையை ஒரே பெரிய கட்டியா உறையவச்சா ரொம்ப நேரம் தாங்கும். நடுவுல ஓட்டை இருக்கிற கேக் அச்சு இருந்தா அதுல ஐஸ் வளையம் போடுங்க. தண்ணியில போடாதீங்க, வடிச்ச ஸ்ட்ராபெரிச் சாறும் தண்ணியும் சரிபாதி கலந்து போடுங்க. கரைஞ்சாலும் சுவை குறையாது. ஆனா அதுல சர்க்கரை போட்டா உறையறது கஷ்டம், கொழகொழன்னே நிக்கும்.

ஒரே தடவையில ஊத்தினா உள்ள போட்ட பழமெல்லாம் மேல மிதந்து வந்துரும். அதனால முதல்ல 2 செ.மீ. உயரத்துக்கு ஊத்தி, அதுல பழ வில்லை, புதினா இலையை அடுக்கி, 3 மணி நேரம் உறையவிடுங்க. மீதியை நல்லாக் குளிரவச்சு மேல ஊத்துங்க. வெதுவெதுன்னு ஊத்தினா கீழ் அடுக்கு கரைஞ்சு பழம் கிளம்பிரும். மொத்தம் ஒரு ராத்திரி உறையணும். எடுக்கும்போது அச்சை வெதுவெதுப்பான தண்ணியில 10, 15 செகண்ட் வச்சுக் கவுத்தாப் போதும். சுடுதண்ணி பட்டா டப்புன்னு வெடிப்பு விட்டுரும்.

அச்சு இல்லையா? பழ வில்லைகளைத் தட்டுல பரப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம உறையவச்சு அதையே போடுங்க. குளிருக்குக் குளிர், பழத்துக்குப் பழம்.

அப்புறம் ஐஸ்கிரீம் கணக்கு. ஐஸ்கிரீம்ல பாதி வரைக்கும் காத்து இருக்கும். 2 லிட்டர் டப்பா கரைஞ்சா 2 லிட்டர் வராது. லிட்டரைப் பாக்காம எடையைப் பாருங்க, இந்த அளவுக்கு ஏறக்குறைய 1.1 கிலோ வேணும். கையில தூக்கும்போதே லேசா இருக்கிற டப்பாவுல நுரைதான் வரும், கெட்டித்தன்மை வராது. தாவரக் கொழுப்புல செஞ்ச உறைந்த இனிப்பும் ஐஸ்கிரீம் பக்கத்துலயே அடுக்கி வச்சிருப்பாங்க. அதைப் போட்டா நாக்குல பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், எனக்குப் பிடிக்காது. உருண்டை எடுக்கிறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி வெளிய வச்சாப் போதும், அதுக்கு மேல வேண்டாம்.

நுரைதள்ளி

சோடா ஊற்றும் இடம்தான் மேசை விரிப்பின் விதியைத் தீர்மானிக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே.

ஐஸ்கிரீமின் மேற்பரப்பு சொரசொரப்பானது. சோடாவில் கரைந்திருக்கும் வாயு அந்தச் சொரசொரப்பில் குமிழாகக் கிளம்பும், கிளம்பிய குமிழைப் பால் புரதம் உடையாமல் பிடித்துவைக்கும். காய்ச்சும்போது பால் பொங்குமே, அதே வேகத்தில் பாத்திரம் பொங்கி வழியும். எனவே பாத்திரத்தில் முதலில் சோடா, பிறகு ஐஸ்கிரீம் என்று போடவே கூடாது. ஐஸ்கிரீமும் கூழும் கலந்த பிறகு, பாத்திரத்தைச் சாய்க்க முடிந்தால் சாய்த்து, முடியாவிட்டால் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வழியும்படி, உள்விளிம்பை ஒட்டி சோடாவை விடுங்கள். கால் லிட்டர் விட்டு நுரை அடங்கக் காத்திருந்து அடுத்த கால் லிட்டர். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். 5 லிட்டர் பஞ்சுக்கு ஏழரை லிட்டராவது கொள்ளும் பாத்திரம் வேண்டும்.

சோடா குளிர்ந்திருந்தால் வாயு உள்ளேயே தங்கும். வெளியில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினால் எல்லாம் நுரையாகிப் போய், குடிக்கும்போது சுரீரென்ற உணர்வே இருக்காது. ஊற்றியபின் அடியிலிருந்து மேலாக இரண்டு சுற்று, அவ்வளவுதான். மத்து போட்டுக் கடைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துடிக்கும்.

பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். அலுமினியம், செம்பு, பித்தளை இவற்றில் புளிப்பான எதையும் நிறுத்திவைக்கக் கூடாது.

அரைகிலோ

நிறம் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன். கூழ் ரத்தச் சிவப்பா இருக்கு, கிரீம் சேர்ந்ததும் வெளுத்த ரோஸ் ஆயிடுதே.

கரண்டி

வெள்ளைப் பொருள் இவ்வளவு சேரும்போது வெளுக்கத்தான் செய்யும். பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்ட்ராபெரி பறித்தபின் பழுக்காது. காம்படியில் வெள்ளையாக இருப்பதை இரண்டு நாள் வைத்திருந்தால் மென்மையாகும், இனிப்பு ஏறாது. உள்ளே வரை சிவந்த பழம் கிடைக்காவிட்டால் உறைந்த பழம் வாங்குவது மேல். உறையும்போது செல்சுவர் உடைவதால் சாறும் நிறமும் நன்றாக இறங்கும். மேலே அலங்கரிக்க மட்டும் அது உதவாது, உருகியதும் தொளதொளவென்று தொங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: உறைய வைப்பதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை, ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உறைந்த பழத்திலும் பிழைத்திருக்கும். பொட்டலத்தில் "சமைத்து உண்ணவும்" என்று இருந்தாலோ, கூட்டத்தில் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருந்தாலோ, கூழை 85 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் முழுதாக நிறுத்தி, உடனே பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிடுங்கள். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் சிவப்பு பழுப்பாகி ஜாம் வாடை வந்துவிடும்.

நிறம் கூட்ட, உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெரிப் பொடி 25 கிராம். தண்ணீர் சேராமல் சுவையும் ஏறும். அது இல்லையென்றால் பீட்ரூட் சாறு ஒரு தேக்கரண்டி. இரண்டானால் மண் வாடை தெரியும். எசென்ஸ் ஊற்றினால் மிட்டாய் வாசம்தான் முன்னால் நிற்கும்.

இனிப்பைப் பார்க்கும்போது கூழை நன்றாகக் குளிரவைத்துச் சுவையுங்கள். குளிர் நாக்கின் இனிப்பு உணர்வைக் குறைக்கும். அறை வெப்பத்தில் திகட்டலாகத் தோன்றும் கூழ்தான் பஞ்சில் சரியாக இருக்கும்.

ஐஸ்பெட்டி

விருந்து வேற இடத்துல நடந்தா, வீட்டிலயே கலந்து எடுத்துட்டுப் போகாதீங்க. கூழை முந்தின நாளே அரைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சுக்கலாம், ரெண்டு நாள் தாங்கும். உறையவச்சா ரெண்டு மாசம் வரை கவலையில்ல. கிரீம், கூழ், சோடா, ஐஸ்கிரீம் நாலும் தனித்தனியா ஐஸ் பெட்டியில போகட்டும். அங்க போய்க் கலக்க 5 நிமிஷம்தான் ஆகும்.

மேசையில வைக்கும்போது பஞ்ச் பாத்திரத்தை ஒரு அகலமான தட்டுல ஐஸ் நிரப்பி, ஒரு கைப்பிடி கல் உப்பும் போட்டு, அது மேல உக்கார வைங்க. உப்பு போட்டா ஐஸ் சுழியத்துக்குக் கீழ போகும். பால் சேர்ந்த எதையும் வெளிய 2 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா 1 மணி நேரம்தான். அதனால மொத்தத்தையும் ஒரே நேரத்துல கலக்காம பாதி பாதியாக் கலக்குங்க. ரெண்டாவது பாதியைப் பழைய மிச்சத்துமேல ஊத்தாதீங்க, பாத்திரத்தைக் கழுவிட்டுப் புதுசா ஆரம்பிங்க.

அரைகிலோ

பால் ஒத்துக்காதவங்களுக்கு?

வடிகட்டி

முதல் பாலாக எடுத்த கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் லிட்டர், தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் ஒன்றரை லிட்டர், மற்றதெல்லாம் அதே அளவு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு குளிரில் கட்டிதட்டும், எனவே அதைக் கூழோடு சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று விட்டபின் குளிரவையுங்கள். ஓட்ஸ் பாலும் ஓரளவு தாங்கும். சோயா பால் வேண்டாம், அமிலம் பட்டால் பசும்பாலைப் போலவே திரியும். இந்தப் பாத்திரத்துக்குத் தனிக் கரண்டி வைத்து, எதில் பால் இருக்கிறது என்று சீட்டும் ஒட்டிவிடுங்கள். பாலால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கரண்டி இரண்டு பக்கமும் போய்வந்தால் அதுவே போதும், தொல்லைக்கு.

நுரைதள்ளி

மிச்சம் இருந்தால் மறுநாளைக்கு வைக்காதீர்கள், வாயு போய்ப் பிரிந்து நிற்கும். மேசைக்கு வந்து வெளியில் நின்றதை ஊற்றிவிடுங்கள். சோடா சேர்க்காமல் ஃபிரிட்ஜிலேயே நிறுத்திவைத்த கூழும் கிரீமும் மீந்தால் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி 6 மணி நேரம் உறையவையுங்கள். அச்சு நிரம்ப ஊற்றாமல் மேலே அரை செ.மீ. விடுங்கள், உறையும்போது விரியும்.